குடியேறினால் 70,000 பிராங்க்: சுவிஸ் மலையூர் ஆல்பினென் உண்மையில் என்ன சொன்னது?

சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கிராமம், அங்கே குடிபோகும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 70,000 பிராங்க் கொடுக்கிறார்கள். 2017 கடைசியில் உலகம் முழுக்கச் சுற்றிய செய்தி இது. அன்றைய மதிப்பில் 45 லட்ச ரூபாய்க்குப் பக்கம். உலகெங்கிலுமிருந்து விசாரிப்புகள் வந்து குவிந்ததில் அந்தச் சின்ன ஊராட்சி அலுவலகம் திணறிப்போனது. பெரும்பாலோர் நிபந்தனைகளைப் படிக்கவே இல்லை. இன்றும் அந்தச் செய்தியைப் புதுசு போல யாராவது அவ்வப்போது பகிர்கிறார்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக விண்ணப்பித்து இந்தப் பணத்தை வாங்க முடியாது. விசா தரும் அதிகாரமும் அந்த ஊருக்குக் கிடையாது. அந்தத் தொகையும் குடிவந்ததற்காகக் கையில் கொடுக்கும் பரிசு கிடையாது. வீடு வாங்கவும் கட்டவும் புதுப்பிக்கவும் தரும் உதவி.

அப்படியானால் இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஒரு ஊர் எதற்காக இவ்வளவு பணத்தை எடுத்து வைக்கிறது? அந்த அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது? இதற்கு அந்த நாட்டில் ஊராட்சி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊர் இருக்கும் இடம்

ஆல்பினென், தென்மேற்கு சுவிட்சர்லாந்தில் வாலிஸ் கன்டோனில் இருக்கிறது. பிரெஞ்சில் அந்தக் கன்டோனுக்கு வலே என்று பெயர். கன்டோன் என்பது ஏறக்குறைய நம் மாநிலம் மாதிரி. நாட்டில் மொத்தம் 26 உண்டு. ரோன் ஆறு ஓடும் நீண்ட பள்ளத்தாக்குதான் வாலிஸின் முதுகெலும்பு. அதன் வடபுறச் சரிவில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், தெற்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறது ஊர். வெயில் பட்டுப் பட்டுக் கருத்துப்போன மரவீடுகள். ஒன்றின் கூரை விளிம்பு அடுத்ததைத் தொடும் அளவுக்கு நெருக்கமாக, செங்குத்தான சரிவில் அடுக்கி வைத்தது போல நிற்கின்றன. வீடுகளுக்கு நடுவே கார் நுழைய இடமில்லாத சந்துகள்.

பக்கத்து ஊர் லொய்கர்பாட், வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போனது. இரண்டு ஊருக்கும் நடுவே பாறைச் சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. சாலை வருவதற்கு முன்பு ஆல்பினென்காரர்கள் அந்தப் பாறையில் எட்டு மர ஏணிகளைப் பொருத்தி, சாமான்களைச் சுமந்துகொண்டு அதில் ஏறி இறங்கித்தான் பக்கத்து ஊருக்குப் போய்வந்தார்கள். அந்த ஏணிகள் இன்னும் இருக்கின்றன. மலையேறுபவர்கள் விரும்பிப் போகிறார்கள். முதுகில் சுமையோடு அதில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் இப்போது ஊரில் தங்கவைக்க வேண்டியிருக்கிறது.

செய்தி வந்த காலத்தில் மக்கள்தொகை சுமார் 240. அதற்குச் சற்று முன்புதான், பிள்ளைகள் உள்ள சில குடும்பங்கள் வெளியேறியதால் ஊர்ப் பள்ளிக்கூடம் மூடப்பட்டிருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே மிச்சம். அவர்களும் பேருந்தில் வெளியூர்ப் பள்ளிக்குப் போனார்கள். மற்ற இழப்புகளை மெல்ல ஈடுகட்டலாம். பள்ளி மூடினால் புதிதாகக் குடும்பமாக வருபவர்கள் யோசிப்பார்கள், இருப்பவர்களும் கிளம்புவார்கள்.

‘கெமைண்டே’ என்றால் என்ன?

சுவிட்சர்லாந்தில் ஆட்சி மூன்று அடுக்கு: கூட்டாட்சி, கன்டோன், அதற்குக் கீழே ஊராட்சி. ஜெர்மன் பேசும் பகுதியில் ஊராட்சியை ‘கெமைண்டே’ என்பார்கள். நாட்டில் இப்போது 2,100 சொச்சம் ஊராட்சிகள். சூரிச் போன்ற பெருநகரமும் ஒரு கெமைண்டேதான், ஆல்பினெனும் ஒரு கெமைண்டேதான். நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி என்று நம்மிடம் இருக்கும் தரப்பிரிவு அங்கே இல்லை. சட்டத்தின் முன் இரண்டும் ஒரே வகை அமைப்பு.

அரசியலமைப்பின் 50ஆம் பிரிவு, கன்டோன் சட்டங்களுக்கு உட்பட்டு ஊராட்சிகளின் தன்னாட்சிக்கு உறுதி தருகிறது. அதே பிரிவு, மலைப்பகுதிகளின் தனி நிலைமையைக் கூட்டாட்சி கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள்:

1. வரி. ஒருவர் தன் வருமானத்துக்கு மூன்று அடுக்குக்கும் வரி கட்டுகிறார். ஊராட்சி தன் பங்கின் அளவை, கன்டோன் வகுத்த எல்லைக்குள், தானே முடிவு செய்யும். அதனால்தான் ஒரே சம்பளம் வாங்கும் இருவர், பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தாலும் வேறு வேறு வரி கட்டுவார்கள்.

2. தீர்மானம். சின்ன ஊர்களில் வாக்குரிமை உள்ள அத்தனை பேரும் கூடும் பொதுக்கூட்டமே உச்ச அதிகாரம். வரவுசெலவுத் திட்டம் அங்கேதான் நிறைவேறும். வாலிஸில் இந்தக் கூட்டத்துக்கு ‘ஊர்ஃபெர்சம்லுங்’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு ஊர்க்கூட்டம் என்றே கேட்கும். ஜெர்மனில் அந்த ‘ஊர்’ என்ற முன்னொட்டுக்கு ஆதி என்று பொருள்.

3. குடியுரிமை. வெளிநாட்டவர் சுவிஸ் குடிமகன் ஆக வேண்டுமென்றால் கூட்டாட்சி, கன்டோன், ஊராட்சி மூன்றும் சம்மதிக்க வேண்டும். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. அதற்குப் பதிலாக ‘ஹைமாட்ஓர்ட்’, அதாவது அந்தக் குடும்பம் எந்த ஊராட்சியின் குடிகள் என்ற பூர்விக ஊரின் பெயர் இருக்கும். ஒருவர் அந்த ஊரை வாழ்நாளில் பார்த்ததே இல்லாமல்கூட இருக்கலாம். பெயர் மட்டும் கூடவே வரும்.

4. அன்றாட வேலைகள். குடிநீர், கழிவுநீர், உள்ளூர்ச் சாலை, தொடக்கப்பள்ளி, கட்டட அனுமதி எல்லாம் பெருமளவு ஊராட்சியின் பொறுப்பு.

இந்தப் பழக்கம் 1848இல் நவீன சுவிஸ் கூட்டாட்சி உருவாவதற்கு வெகுமுன்பே வந்தது. வாலிஸ் மலைகளில் மழை குறைவு. பனியாறுகளிலிருந்து உருகும் நீரைப் பாறைச் சரிவு வழியாக வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் புல்லுக்கும் திராட்சைக்கும் பாய்ச்சினார்கள். அந்த வாய்க்கால்களை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர்வாரும் பொதுவேலை முறை இருந்தது. நம் குடிமராமத்து போலத்தான். இதே கன்டோனில் டோர்பல் என்ற ஊரில் 1517இல் போட்ட விதி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தன் கொட்டிலில் கட்டித் தீனி போட முடிந்த மாடுகளுக்கு மேல் எவரும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், பொதுச்சொத்தை ஊர்மக்களே பாழாக்காமல் காக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டிய ஊர்களில் டோர்பலும் ஒன்று. ஆல்பினெனின் 2017 தீர்மானத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஊர் தன் வளத்தை எண்ணிப் பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று தானே விதி போடுகிறது.

ஆள் குறைந்தால் என்ன போகிறது?

ஊராட்சியின் முக்கிய வருமானம் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களின் வருமான வரியும் சொத்து வரியும். மலையூர்களுக்கு வேறு வரவும் உண்டு. வாலிஸில் பக்க ஓடைகளின் நீருரிமை ஊராட்சிகளிடம்தான் இருக்கிறது. மின்நிலையம் கட்டியவர்கள் அதற்காக ஊராட்சிக்கு நீர்க்கட்டணம் செலுத்துகிறார்கள். அப்புறம், கன்டோன்களுக்கிடையே நிதி ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய 2008 முதல் நடைமுறையில் இருக்கும் முறையில், உயரமும் சரிவும் காரணமாகச் செலவு கூடும் கன்டோன்களுக்குக் கூட்டாட்சி தனியாக ஈடு தருகிறது.

என்றாலும் அடித்தளம் குடியிருப்பவர்தான். இங்கேதான் ஒரு கணக்குச் சிக்கல். 240 பேருக்கு இருந்தாலும் 500 பேருக்கு இருந்தாலும் மலைச்சாலையில் பனி அள்ளும் செலவு ஒன்றுதான். குடிநீர்க் குழாயின் நீளம் குறைவதில்லை. ஆள் குறையும்போது வரவு இறங்குகிறது, செலவு அப்படியே நிற்கிறது. சமாளிக்க வரியை ஏற்றினால், பக்கத்து ஊரில் வரி குறைவு என்று இன்னும் இரண்டு குடும்பம் கிளம்பும்.

ஆளும் தட்டுப்பாடுதான். சுவிஸில் சின்ன ஊராட்சி உறுப்பினர் பதவி முழுநேர உத்தியோகம் கிடையாது. பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் வந்து ஊர்க் கோப்பைத் திறக்கிறார்கள். 240 பேரில் முதியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்கெனவே முறை முடித்தவர்களையும் கழித்தால் மிச்சம் எத்தனை பேர்? ஊரி போன்ற சில கன்டோன்களில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் மறுக்க முடியாது என்று சட்டமே இருக்கிறது. அந்த அளவுக்கு ஆள் கிடைப்பது அரிது.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

ஆல்பினெனில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. மாலையில் விளக்கு எரியாத வீடுகள்தான் அதிகம் கண்ணில் படும். ஆல்ப்ஸ் மலையூர்களின் நோய்க்கு வேர் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நகரத்தில் சம்பாதிப்பவர்கள் மலையில் விடுமுறை வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆண்டில் சில வாரம் வருவார்கள்; மற்ற நாளெல்லாம் சன்னல் கதவுகள் மூடியே இருக்கும். சுவிஸ்காரர்கள் இதைக் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்பார்கள். இரண்டாம் வீட்டுக்காரரின் சம்பள வரி அவர் நிரந்தரமாக வாழும் சூரிச்சுக்கோ பெர்னுக்கோ போய்விடும். வீடு இருக்கும் ஊருக்கு அந்தச் சொத்தை ஒட்டிய வரியும் சுற்றுலாக் கட்டணமும்தான் கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி போகப்போகிறது. சொந்த வீட்டுக்கு ஒரு கற்பனை வாடகை போட்டு அதை வருமானமாகக் கணக்கிட்டு வரி வாங்கும் முறை அங்கே நெடுங்காலமாக உண்டு. அதை நீக்கும் மாற்றத்துக்கு 2025 செப்டம்பர் 28 வாக்கெடுப்பில் நாடு சம்மதம் சொல்லிவிட்டது. ஈடாக இரண்டாம் வீடுகளுக்குத் தனி வரி போடக் கன்டோன்களுக்கு வழி தந்திருந்தாலும், விடுமுறை வீடு நிறைந்த மலைக் கன்டோன்களே இதைக் கடுமையாக எதிர்த்தன.

சட்டமும் இதில் குறுக்கிட்டிருக்கிறது. 2012 மார்ச் 11 அன்று, எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற மக்கள் முன்மொழிவு 50.6 விழுக்காடு ஆதரவுடன் மயிரிழையில் வென்றது. வாலிஸ் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தது. சமவெளி நகரத்தார் மலையின் அழகைக் காக்க விரும்பினார்கள். மலைக்காரர்களுக்கோ அது கட்டட வேலை, பிழைப்பு. 2016 ஜனவரி முதல் நடைமுறைச் சட்டம் வந்தது. ஆல்பினென் அந்த 20 விழுக்காட்டு வரம்பை ஏற்கெனவே வெகுவாகத் தாண்டிய ஊர். ஆகவே அங்கே புதிய விடுமுறை வீடு பொதுவாக எழுப்ப முடியாது. நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கான வீட்டுக்குத் தடை இல்லை. ஊராட்சி தன் உதவித்தொகையை ‘முதல் வீடு’ என்பதோடு கட்டிப்போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சட்டத்தில் ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. 2012க்கு முன்பே இருந்த வீடுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் வாங்கி விடுமுறை வீடாக்கலாம். புதிதாகக் கட்ட முடியாததால் நகரத்துப் பணம் பழைய வீடுகள் பக்கம் திரும்பியது. ஊர்ப் பையன் ஒருவன் தன் தெருவில் வீடு வாங்க நினைத்தால், சூரிச் சம்பளத்தோடு போட்டி போட வேண்டும்.

இன்னொரு முடிச்சு வாரிசுரிமை. வாலிஸில் சொத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிடும் வழக்கம் உண்டு. நிலத்தைத் துண்டாக்கலாம், மரவீட்டை எப்படித் துண்டாக்குவது? மாடி மாடியாகப் பிரித்தார்கள். தானியக் களஞ்சியத்தில் நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பங்கு வைத்தார்கள். மூன்று தலைமுறை தாண்டியதும் ஒரே வீட்டுக்கு ஜெனீவாவில் ஒருவர், பாசலில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர் என்று பங்காளிகள். கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தை விற்க அலைந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஊர் நடுவே நல்ல மரவீடு ஒன்று கூரை ஒழுகி நிற்கும். எல்லோரும் கையெழுத்துப் போடும்வரை யாராலும் அதைத் தொட முடியாது.

2017 நவம்பர் 30: தீர்மானம் என்ன சொல்கிறது?

ஊர்மக்களே கையெழுத்திட்டுக் கொண்டுவந்த கோரிக்கை இது. அன்றைய ஊர்க்கூட்டத்தில் பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேறியது. சாரம் இதுதான்:

1. வயது 45க்குள் இருக்க வேண்டும்.
2. பெரியவர் ஒருவருக்கு 25,000 பிராங்க், பிள்ளை ஒன்றுக்கு 10,000 பிராங்க். தம்பதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தால் 70,000. செய்தித் தலைப்பு ஆனது இந்தக் கூட்டல்தான்.
3. ஆல்பினெனில் வீடு வாங்க வேண்டும், கட்ட வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும். மதிப்பு 200,000 பிராங்க்குக்குக் குறையக் கூடாது.
4. அது நிரந்தரக் குடியிருப்பாக இருக்க வேண்டும். விடுமுறை வீட்டுக்குக் கிடையாது.
5. குறைந்தது 10 ஆண்டு தங்க வேண்டும். நடுவில் கிளம்பினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.
6. சுவிஸ் குடியுரிமை அல்லது ‘சி’ வகை நிரந்தர வதிவிட அனுமதி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஊரின் ஏதோ ஒரு பயம் அல்லது கணக்கு காரணமாக இருக்கிறது. 45 வயது என்பது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக. பிள்ளைகள் வந்தால்தான் பள்ளிப் பேச்சே மறுபடி எழும். வீட்டு மதிப்புக்குக் கீழ்வரம்பு வைத்தது, பணத்துக்காக மட்டும் வருபவரைத் தள்ளி வைக்க. அதோடு அந்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி சுற்றுவட்டாரத் தச்சருக்கும் கூரைவேலைக்காரருக்கும் போய்ச் சேரும். 10 ஆண்டு என்பது வரிக் கணக்கு: 70,000ஐப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 7,000. வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் கட்டும் உள்ளூர் வரியும், ஊரில் செய்யும் செலவும், இல்லாவிட்டால் இடிந்து போயிருக்கும் ஒரு வீடு நிமிர்வதும் சேர்ந்தால் ஊருக்கு நட்டமில்லை என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

ஐந்து குடும்பம் வந்தாலே போதும், அந்த ஊர் மாறிவிடும். நான்கு பேர் கொண்ட ஐந்து குடும்பம் என்றால் இருபது பேர். 240இல் அது எட்டு விழுக்காட்டுக்கு மேல்.

சரி, வருபவர்கள் வேலைக்கு எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியை உலகச் செய்திகள் எழுப்பவே இல்லை. விடை பள்ளத்தாக்கில் இருக்கிறது. ரோன் ஆற்றங்கரையில் ஃபிஸ்ப் நகரில் லோன்ஸா நிறுவனத்தின் பெரிய மருந்து, வேதிப்பொருள் ஆலை இருக்கிறது. கோவிட் காலத்தில் மாடர்னா தடுப்பூசியின் மூலப்பொருள் தயாரான இடங்களில் ஒன்று. 2007இல் லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்க ரயில்பாதை திறந்த பிறகு ஃபிஸ்ப்பிலிருந்து தலைநகர் பெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் கீழே வேலைக்கு இறங்கி மாலையில் மலைக்குத் திரும்பும் வாழ்க்கைக்கு வழி திறந்திருக்கிறது. வேலை இல்லாத ஒரு வட்டாரத்தில் இதே திட்டத்தைப் போட்டிருந்தால் பணம் வீண்தான்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

குழப்பம் பெரும்பாலும் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருகிறது.

*நாட்டுக்குள் வரும் உரிமை.* இதைக் கூட்டாட்சிச் சட்டமும் கன்டோன் அதிகாரிகளும் தீர்மானிக்கிறார்கள். ஆல்பினென் மொத்தமும் கூடி ஒருவரை அழைத்தாலும் விசா கிடைக்காது.

*வீடு வாங்கும் உரிமை.* வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் சுவிஸில் வீடு வாங்குவதை 1983ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. விடுமுறை வீடுகளுக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,500 அனுமதிகள்தான். அதில் வாலிஸின் பங்கு பெரியது. அப்படி வாங்கினாலும் அது குடியிருக்கும் அனுமதி ஆகாது.

*உதவித்தொகைக்கான தகுதி.* இது மட்டுமே ஊராட்சியின் கையில்.

‘சி’ அனுமதி எப்போது கிடைக்கும்? மேற்கு ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா போன்றவற்றின் குடிகளுக்கு வழக்கமாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகு. மற்றவர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு. நன்றாக ஒன்றிப் பழகி, மொழியும் கற்றவர்களுக்கு முன்கூட்டியே கிடைப்பதும் உண்டு.

இங்கே தமிழர்களுக்கு உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். 1980களில் அகதிகளாக வந்தவர்களில் பலரும் அவர்களின் பிள்ளைகளும் இன்று குடியுரிமையோ ‘சி’ அனுமதியோ பெற்றவர்கள். ஆக, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிப்பவருக்கு இந்தத் திட்டம் எட்டாது. பெர்னில் வளர்ந்து, முப்பது வயதில் வீடு தேடும் ஒரு தமிழ்த் தம்பதிக்கு எட்டும். ஜெர்மன் பேசும் பகுதிதான் என்றாலும், மேல்வாலிஸ் வட்டார வழக்கு சூரிச்காரருக்கே பிடிபடச் சிரமமானது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது: பக்கத்து ஊர்களோடு இணைந்துவிடுவது. 1990இல் நாட்டில் 3,000 ஊராட்சிகள் இருந்தன. இன்று 2,100 சொச்சம்தான் என்றால், முப்பத்தைந்து ஆண்டில் சுமார் 900 பெயர்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன. கிளாருஸ் கன்டோன் இதில் உச்சம். 2006இல் திறந்தவெளியில் கூடிய மக்கள், 25 ஊராட்சிகளை மூன்றாகச் சுருக்கத் தீர்மானித்தார்கள். 2011 முதல் அது நடைமுறை. டிசினோ கன்டோனின் கொரிப்போதான் நாட்டிலேயே மிகச் சின்ன ஊராட்சியாக இருந்தது, கடைசியில் அங்கே பத்துப் பேர் அளவுக்குத்தான் வாழ்ந்தார்கள். 2020 அக்டோபரில் அது வெர்சாஸ்கா என்ற புதிய ஊராட்சிக்குள் கரைந்தது. அங்கே காலி வீடுகளைச் செப்பனிட்டு, ஊர் முழுக்கப் பரவிய அறைகளாக ஒரு விடுதியை நடத்துகிறார்கள். கல்வீடுகள் பிழைத்தன. ஊரைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் போய்விட்டது.

இணைப்பில் நன்மை இல்லாமல் இல்லை. எழுத்தர் ஒருவரே நான்கு ஊருக்குப் பார்க்கலாம், கடனும் வரவும் பகிரப்படும். ஆனால் பெரிய ஊராட்சிக்குள் 240 பேர் எப்போதும் சிறுபான்மை. பள்ளியை எங்கே வைப்பது, எந்தச் சாலையில் முதலில் பனி அள்ளுவது என்பதெல்லாம் கீழே இருப்பவர்களின் பெரும்பான்மையால் முடிவாகும். ஆல்பினென் தன் பணத்தைச் செலவிட்டது ஆளைச் சேர்க்க மட்டுமில்லை, இந்த முடிவுகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவும்தான் என்று நான் படிக்கிறேன். அதற்கு 70,000 பிராங்க் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தன்னாட்சியின் விலை என்ன என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஏணிகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லொய்கர்பாடே பாடம். விளையாட்டரங்கம், குளியல் மாளிகை என்று கட்டிக் குவித்த அந்த ஊராட்சி, 1990களின் கடைசியில் சுமார் 346 மில்லியன் பிராங்க் கடனில் மூழ்கியது. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இரண்டு லட்சம் பிராங்க்குக்கு மேல். கன்டோன் நிர்வாகத்தில் தலையிட வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர்கள் கன்டோன் பொறுப்பேற்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஊராட்சியின் கடன் ஊராட்சியோடுதான். அதை ஏணிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்த ஊர், பணத்தைப் பத்தாண்டு நிபந்தனையோடு கொடுப்பதில் ஆச்சரியமில்லை.

மலையே இறங்கி வந்தால்?

2025 மே 28 அன்று, இதே வாலிஸ் கன்டோனில் லோட்ஷென்டால் பள்ளத்தாக்கின் பிளாட்டன் கிராமத்தின் மேல் பிர்ஷ் பனியாறு பாறைகளோடு சரிந்து விழுந்தது. சுமார் 300 பேர் வாழ்ந்த ஊர். ஒன்பது நாள் முன்பே மக்களை வெளியேற்றியதால் பேரிழப்பு தவிர்ந்தது, ஒருவர் இறந்தார். ஊரில் ஏறத்தாழ 90 விழுக்காடு புதைந்துபோனது.

அதன் பிறகு சுவிஸில் ஒரு வாதம் வெளிப்படையாகவே எழுந்தது. இவ்வளவு குறைந்த பேருக்காக மலையில் இவ்வளவு செலவா, கீழே குடியமர்த்தினால் என்ன? ஆல்பினென் ஆள் தேடியபோது இருந்ததைவிட இன்று இந்தக் கேள்வி கூர்மையானது. வெப்பம் கூடக்கூட, பாறைகளைப் பிடித்து வைத்திருந்த உறைமண் (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) தளர்கிறது; பாதுகாப்புச் சுவரும் கண்காணிப்பும் கேட்கும் ஊர்கள் பெருகும். அந்தச் செலவை எந்தச் சின்ன ஊராட்சியாலும் தனியாகத் தாங்க முடியாது.

பிளாட்டன் மக்கள் பக்கத்து ஊர்களில் தங்கியிருந்தபடி திரும்பிப் போகத் திட்டமிடுகிறார்கள். வீடுகள் சேற்றுக்கும் பாறைக்கும் கீழே கிடக்க, ஊராட்சி மட்டும் கலையவில்லை. அந்த ஊரின் குடிகளாகப் பதிவானவர்களின் கடவுச்சீட்டில், பூர்விக ஊர் என்ற வரியில், இன்றும் பிளாட்டன் என்றுதான் இருக்கிறது.